ஹெதர்: ஒரு குறும்புதரும் அதன் பெயரைத் தாங்கிய பொருள்களும்

ஆயத்த ஆடைகளின் விவரக் குறிப்பில் ‘ஹெதர் கிரே’ என்று ஒரு நிறம் வருகிறது. தேன் குப்பிகளில் ‘ஹெதர் தேன்’ என்றும், தோட்டக்கலைப் பட்டியல்களில் ‘குளிர்கால ஹெதர்’ என்றும், 1970-களில் அமெரிக்காவில் பிறந்த பெண்களின் பெயர்களிடையே வெறுமனே ‘ஹெதர்’ என்றும் அதே சொல் வருகிறது. ஆங்கில அகராதி இவற்றை எண்ணிட்டுத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து வைத்திருப்பதால், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும். உண்மையில் இவை அனைத்துக்கும் மூலம், ஐரோப்பாவின் வளமற்ற நிலங்களில் முழங்கால் உயரத்துக்கு வளரும் ஒரு குறும்புதரும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளும்தான். அந்தப் புதரை அண்டி வாழ்ந்தவர்கள் அதை எதற்கெல்லாம் கையாண்டார்களோ, அந்த வழிகளிலெல்லாம் அதன் பெயரும் பரவியிருக்கிறது. ஆகவே செடியிலிருந்து தொடங்குவதே முறை.

தாவரவியலில் இதன் பெயர் கல்லூனா வல்காரிஸ். எரிகேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஆண்டு முழுவதும் இலையுதிராத புதர் இது. பெரும்பாலும் 20 முதல் 50 சென்டிமீட்டர் வரை உயரும். இலைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள செதில்கள். எதிரெதிரே இணையிணையாக, தண்டை ஒட்டி நான்கு வரிசைகளில் அடுக்கப்பட்டிருக்கும். கோடையின் பிற்பகுதியில், ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி, தண்டின் நுனிப்பகுதியில் இளம் ஊதா நிறத்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் மலர்கின்றன. ஒரு பூவைக் கிள்ளி உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது: நாம் இதழ் என்று நினைத்தது இதழே அல்ல. பிற பூக்களில் பச்சையாக அடியில் அடங்கிக் கிடக்கும் புல்லிவட்டம் இங்கே நிறம் பெற்று, அல்லிவட்டத்தைவிட நீண்டு, அதை ஏறக்குறைய மூடி நிற்கிறது. பூ வாடிய பிறகும் இந்தப் புல்லிகள் உதிர்வதில்லை; காகிதம்போல் உலர்ந்து, பழுப்பேறி, குளிர்காலம் முழுவதும் காம்பிலேயே தங்கியிருக்கின்றன. மலைச்சரிவு ஒன்று ஆகஸ்டில் ஊதாவாகவும் அதன்பின் மாதக்கணக்கில் செம்பழுப்பாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

இந்தப் புல்லிவட்டம்தான் இச்செடிக்குத் தனிப் பேரினம் பெற்றுத் தந்தது. லின்னேயஸ் 1753-இல் இதை எரிக்கா என்னும் பேரினத்தில் சேர்த்திருந்தார். ரிச்சர்ட் சாலிஸ்பரி 1802-இல் இதைப் பிரித்து கல்லூனா என்ற புதுப் பேரினத்தை அமைத்தார். இன்றுவரை அந்தப் பேரினத்தில் இந்த ஒரே இனம்தான் இருக்கிறது. எரிக்காவோ எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்கூட்டம். அவற்றில் மிகப் பெரும்பான்மை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு உரியவை. பிரிட்டனின் மேட்டுநிலங்களில் கல்லூனாவோடு கலந்து வளரும் எரிக்காக்கள் முக்கியமாக இரண்டு. உலர்ந்த சரிவுகளில் வளரும் எரிக்கா சினேரியா ஆழ்ந்த மெஜந்தா நிறத்தில் சிறு குடுவை வடிவப் பூக்களைத் தரும்; அதன் ஊசி இலைகள் மும்மூன்றாகச் சுற்றி நிற்கும். ஈரமான இடங்களில் வளரும் எரிக்கா டெட்ராலிக்ஸில் இலைகள் நான்கு நான்காகக் குறுக்கு வடிவில் அமையும். பூ வெளிறிய இளஞ்சிவப்பு. மூன்றையும் பொதுமக்கள் ‘ஹெதர்’ என்றே அழைக்கிறார்கள். பனிக்காலத்திலும் பூக்கும், சுண்ணாம்பு கலந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் தோட்டச்செடியான எரிக்கா கார்னியாவைத்தான் நாற்றங்கால்காரர்கள் ‘குளிர்கால ஹெதர்’ என்று விற்கிறார்கள். எனவே ஒரு குறிப்பில் ஹெதர் என்று மட்டும் இருந்தால், எந்தச் செடி என்பதைச் சூழலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தனித்துச் சொன்னால் பெரும்பாலும் கல்லூனாவையே குறிக்கும்.

பெயரின் வரலாறும் இதேபோலப் பின்னிக் கிடக்கிறது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இடைக்காலத்தில் ‘ஹாதிர்’, ‘ஹேடர்’ என்பன போன்ற வடிவங்கள் வழங்கின. ‘ஹீத்’ என்பது புதர் மண்டிய தரிசு நிலத்துக்கும் அங்கே வளரும் செடிக்கும் பொதுவான பழஞ்சொல். இரண்டும் ஒரே வேரினின்று வந்தவை என்று கருதிப் பிற்காலத்தார் எழுத்துக்கூட்டலை ஹீத்தோடு ஒத்துப்போகும்படி மாற்றியதால், பதினெட்டாம் நூற்றாண்டில் ஹெதர் என்ற வடிவம் நிலைபெற்றது. கல்லூனாவுக்கு ‘லிங்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, நார்வேயில் இன்றும் ‘லிங்’ என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சில் இவ்வகைச் செடிகளுக்கு ‘ப்ரூயேர்’ என்று பெயர். மத்தியதரைக் கடற்பகுதியில் மரம்போல் வளரும் எரிக்கா ஆர்போரியாவின் வேரடியில் உருண்டு திரளும் கட்டி மிகக் கடினமானது, தீயில் எளிதில் கருகாதது. அதைக் கடைந்துதான் புகைபிடிக்கும் குழாய்கள் செய்தார்கள். ஆங்கிலேயர் அந்தக் குழாயை ‘ப்ரையர்’ என்று அழைப்பது இந்த ப்ரூயேர் என்னும் சொல்லின் திரிபே அன்றி, அதே ஒலியுடைய முட்செடியின் பெயர் அன்று.

கல்லூனா என்ற பெயரைச் சாலிஸ்பரி தேர்ந்தெடுத்ததில் ஒரு பயன்பாடே பதிவாகியிருக்கிறது. ‘துப்புரவாக்கு, அழகுபடுத்து’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து அது வந்தது. ஏனெனில் இந்தச் செடியின் விறைத்த, மெலிந்த கிளைகளைக் கட்டித்தான் துடைப்பம் செய்தார்கள். மரமே இல்லாத தீவுகளிலும் மலைப்புறங்களிலும் துடைப்பத்தோடு தேவை முடியவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஹெதர் தண்டுகளை முறுக்கிக் கயிறு திரித்தார்கள். கூரையையும் ஹெதரால் வேய்ந்து, கடற்காற்று பெயர்த்துவிடாதபடி அந்தக் கயிற்றைக் குறுக்கே போட்டு, இரு முனைகளிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பூ நுனி மேல்நோக்கி இருக்கும்படி நெருக்கமாக அடுக்கிய ஹெதர்தான் படுக்கை. படிகாரமிட்ட கம்பளியை இதன் நுனிக்கொழுந்தோடு கொதிக்கவிட்டால் மஞ்சள் சாயம் ஏறும். மதுவில் இதன் பூவைச் சேர்ப்பதும் பழைய வழக்கம். அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த பிக்ட் இனத்தார் அதன் செய்முறையைக் காட்டிக்கொடுக்க மறுத்து மடிந்ததாக ஒரு பழங்கதை ஸ்காட்லாந்தில் வழங்குகிறது. கதை எப்படியாயினும், தச்சனுக்கு மரமும் குயவனுக்குக் களிமண்ணும் எப்படியோ, அப்படி அந்த மக்களுக்கு இந்தச் செடி மூலப்பொருளாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

இந்தப் பயன்பாடுகளில் பலவும் மறைந்துவிட்டன. தேன் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது தனித்துச் சொல்லத்தக்கது. ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ தேனீ வளர்ப்போர் தாழ்நிலத்திலிருந்து பெட்டிகளை வண்டியேற்றி மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். பூக்காலம் முடிந்ததும் திரும்புகிறார்கள். சாதாரணத் தேனடையின் மெழுகு மூடியைச் சீவிவிட்டுச் சுழல் இயந்திரத்தில் வைத்தால் தேன் தெறித்து வெளியே வந்துவிடும். கல்லூனா தேன் வராது. அதிலுள்ள புரதங்களின் காரணமாக அடைக்குள்ளேயே அது கெட்டிப்பட்டு நின்றுவிடுகிறது; கரண்டியால் கிளறினால் இளகி ஓடுகிறது, கிளறுவதை நிறுத்திச் சற்று நேரம் விட்டால் மறுபடி உறைகிறது. ஆகவே ஒன்று, அடையை வெட்டியெடுத்துத் துணியில் பொதிந்து திருகு அச்சில் நசுக்கிப் பிழிய வேண்டும்; அல்லது ஊசிகள் பதித்த கருவியால் அறை அறையாகக் குத்திக் கலக்கி இளக வைத்து, உடனே சுழற்ற வேண்டும். இப்படி எடுத்த தேனில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் மேலே எழ முடியாமல் அப்படியே சிக்கி நிற்கும். செந்தேன் நிறமும் சிறு கசப்பும் கலந்த அந்தத் தேனுக்கு அந்தக் குமிழ்களே ஒரு அடையாளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டுத் தேன் விதிகள் பொதுவாகத் தேனில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் கூடாது என்று சொல்லும்போது, கல்லூனா தேனுக்கு 23 விழுக்காடு வரை இடம் கொடுப்பது இதன் தனித்தன்மையை ஏற்றுக்கொண்டதால்தான். எரிக்கா சினேரியாவின் தேனுக்கோ இந்த உறையும் குணம் இல்லை. அது எல்லாத் தேனையும்போல் ஓடும். ஹெதர் என்ற ஒரே பெயர் இரண்டு செடிகளை மூடி மறைப்பதன் விளைவைத் தேன் எடுப்பவர்தான் முதலில் உணர்கிறார்.

ஒளிவதற்கும் மறைவதற்கும் ஹெதர் இடம் தந்ததால், ‘ஹெதருக்குள் போய்விட்டான்’ என்றால் அதிகாரத்துக்குத் தப்பித் தலைமறைவானான் என்று ஸ்காட்லாந்தில் பொருள். பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரி 1746-இல் குலோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், பிரான்சுக்குக் கப்பலேறும்வரை ஐந்து மாதங்கள் இப்படிப்பட்ட மலைப்புறங்களிலும் தீவுகளிலும்தான் மறைந்து திரிந்தார். மெக்டொனால்டு குலத்தாருக்கு ஹெதரே குலச்சின்னம். அரிதாகக் கிடைக்கும் வெள்ளைப்பூ நற்பேறு தரும் என்ற நம்பிக்கை, பிரிட்டன் முழுவதும் பரவியதில் விக்டோரியா அரசிக்குப் பங்குண்டு: 1855-இல் ஸ்காட்லாந்தின் பால்மோரல் அரண்மனைக்கு அருகே மலையேறும்போது பிரஷ்ய இளவரசர் பிரெடெரிக் வில்லியம், அரசியின் மூத்த மகளிடம் ஒரு வெள்ளை ஹெதர்க் கொத்தைக் கொடுத்துத் தம் விருப்பத்தைத் தெரிவித்ததை அரசி தம் நாட்குறிப்பில் எழுதினார், பின்னர் அது நூலாக வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் மீது படர்ந்த அந்தக் காலத்து மோகமும், பெண் குழந்தைகளுக்குப் பூக்களின் பெயரிடும் வழக்கமும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெதரை ஒரு பெண்பெயராக்கின. அது உச்சத்தை எட்டியது பிரிட்டனில் அன்று, 1970-களின் அமெரிக்காவில். முதல் பத்துப் பெயர்களில் ஒன்றாக இருந்து, பின்னர் விரைவாக அருகிவிட்டது. எரிக்கா என்ற பெண்பெயரையும் இதோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. ஆனால் அது எரிக் என்னும் ஆண்பெயரின் பெண்பால் வடிவம். செடியின் பெயரோடு ஒலி ஒத்தது தற்செயலே.

துணியில் வரும் ‘ஹெதர்’ நிறத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறத்தின் பெயரன்று, நிறம் சேர்க்கப்படும் முறையின் பெயர். ஹெதர் கிரே பனியன் துணியை உற்றுப் பார்த்தால், சாம்பல் நிற இழை ஒன்றுகூட அதில் இல்லாமல் இருக்கக்கூடும். வெள்ளை இழைகளுக்கிடையே கரிய இழைகள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும், தூரத்திலிருந்து கண்ணே அவற்றைச் சாம்பலாக்கிக்கொள்ளும். இதைப் பெற, துணியாகவோ நூலாகவோ ஆன பிறகு சாயமிடுவதற்குப் பதிலாக, நூற்பதற்கு முன்பே ஒரு பகுதிப் பஞ்சுக்குச் சாயமேற்றி வெள்ளைப் பஞ்சோடு கலந்து நூற்கிறார்கள். தொழிலில் இதை மெலாஞ்ச் நூல் என்றும் சொல்வதுண்டு. பருத்தியையும் பாலியெஸ்டரையும் கலந்து நெய்துவிட்டு, ஒன்றில் மட்டுமே ஏறும் சாயத்தில் துணியை முக்கியெடுப்பது இன்னொரு வழி. இந்த முறைக்குச் செடியின் பெயர் வந்தது ஸ்காட்லாந்துக் கம்பளித் துணிகளின் வழியாக. மேட்டுநிலத்தில் வேட்டைக்குச் செல்வோருக்கு ஊதா, பழுப்பு, பச்சை, சாம்பல் எனப் பல நிறக் கம்பளி இழைகளைக் கலந்து நூற்று, அந்த நிலத்தின் நிறத்தோடு ஒன்றிப்போகும்படி நெய்த ட்வீட் துணியை ‘ஹெதர் கலவை’ என்றார்கள். பூத்த மலைச்சரிவை அருகே சென்று பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். அங்கே ஊதா ஒருபோதும் தனித்து இருப்பதில்லை, பாசியும் காய்ந்த புல்லும் பழைய தண்டும் அதனூடே கலந்துதான் இருக்கும். வெளி ஹெப்ரைட்ஸ் தீவுவாசிகள் தங்கள் வீடுகளிலேயே கைத்தறியில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட்டில், இன்றும் கம்பளிக்குச் சாயமேற்றிய பின்பே நூற்கிறார்கள். அந்தத் தீவுகளிலேயே சாயமிட்டு, நூற்று, நெய்து முடித்தாக வேண்டும் என்பதை 1993-ஆம் ஆண்டின் ஹாரிஸ் ட்வீட் சட்டம் உறுதிசெய்கிறது.

இனி நிலத்துக்கு வருவோம். ஹெதர் மண்டிய மலைகளை மனிதக் கைபடாத இயற்கை என்று நம்பித்தான் பலரும் படம் எடுக்கிறார்கள். மரம் வளர முடியாத உயர்ந்த சரிவுகளையும் கடுங்காற்று வீசும் கடற்கரைகளையும் நீக்கிவிட்டால், இந்தக் காட்சியில் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. வடமேற்கு ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உழவரும் மேய்ப்பரும் காட்டை வெட்டியும் எரித்தும் திறந்தார்கள். மழை அதிகமுள்ள அந்த மண்ணில் சத்துகள் கீழே கரைந்து போய், மேல்மண் புளித்தது. புளித்த, பசித்த மண்ணில் வளர வல்லது ஹெதர். அதன் மெல்லிய வேர்களோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் பூஞ்சைகள் மற்றச் செடிகளுக்கு எட்டாத நைட்ரஜனை மட்கிலிருந்து பிரித்துத் தருகின்றன. வடஜெர்மனியின் லூனபுர்க் ஹைடே என்னும் ஹெதர் வெளியில் இந்த வறுமையையே ஒரு வேளாண் முறையாக்கினார்கள்: ஹெதரை வேர்ப்பற்றோடும் மேல்மண்ணோடும் கொத்தி எடுத்து, ஆட்டுத் தொழுவத்தில் பரப்பி, எரு ஏறியதும் வயலுக்குப் போட்டார்கள். வயல் வளம் பெற்றது, ஹைடே மேலும் வளமிழந்தது, ஹெதர் மேலும் பரவியது. செயற்கை உரமும் வெளிநாட்டுக் கம்பளியும் வந்தபின் அந்தச் சுழற்சி அறுந்தது. நிலத்தில் பைன் மரங்கள் நடப்பட்டன. எஞ்சிய பகுதி 1921-இல் இயற்கைக் காப்பிடமாயிற்று. ஆனால் வேலியிட்டுக் காத்தால் மட்டும் போதாது என்பதால், ஹைட்ஷ்னுக்கே என்னும் சாம்பல்நிற ஆட்டினம் அங்கே இன்றும் மேய்க்கப்படுகிறது; ஆடுகள் முளைக்கும் மரக்கன்றுகளைக் கடித்து நிலத்தைத் திறந்து வைக்கின்றன. புதர்களிடையே கட்டிய சிலந்தி வலைகளை அவை கிழித்துக்கொண்டு நடப்பதால் தேனீக்களுக்கும் நன்மை என்று அங்குள்ள மேய்ப்பர்கள் சொல்வதுண்டு.

பிரிட்டனில் ஆட்டோடு நெருப்பும் சேர்ந்துகொண்டது. ஹெதருக்கு வயது முக்கியம்: இளஞ்செடி, செழித்த செடி, முதிர்ந்த செடி, நடுவில் பிளந்து சரிந்த கிழச்செடி என முப்பது நாற்பது ஆண்டுகளில் அதன் வாழ்க்கை முடிகிறது. சிவப்பு க்ரவுஸ் என்னும் பறவைக்கு முக்கிய உணவு இளங்கொழுந்து. ஒளிந்துகொள்ளவும் கூடு கட்டவும் வேண்டியது முதிர்ந்த புதர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கவே குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் சிறு சிறு பட்டைகளாக எரித்து, பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறார்கள். க்ரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12-ஆம் நாள் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயிலும் புதுவகைத் துப்பாக்கியும் வந்தபின், அந்த நாளுக்காகவே பெரிய பண்ணைகள் ஹெதர் வளர்க்கத் தொடங்கின. ஹெதர் என்ற சொல் ஒரு வேட்டைப் பொருளாதாரத்தின் பெயராகவும் ஆனது அப்போதுதான்.

இந்த எரிப்பு இப்போது கடும் வழக்குக்குரியது. என் கருத்தில் எரிப்பை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மெல்லிய மண்படலத்தின் மேல் வளரும் ஹெதரைச் சிறு பட்டைகளாக எரிப்பது பழைய காட்சியை நிலைநிறுத்தும் ஒரு வழி. பீட் எனப்படும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரூறிய மட்கு மீட்டர் கணக்கில் படிந்த நிலத்தின் மேல் எரிப்பது வேறு. அந்த மட்கில் அடங்கியுள்ள கரிமம் ஒருமுறை வெளியேறினால் நம் காலத்தில் திரும்பாது. 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான பீட் உள்ள பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றி எரிப்பதை இங்கிலாந்து 2021-இல் தடைசெய்தது. ஸ்காட்லாந்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் எரிப்புக்கு உரிமம் வேண்டும் என்கிறது. இரண்டும் சரியான திசையிலேயே செல்கின்றன. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள சாடில்வொர்த் மேட்டுநிலம் 2018 கோடையில் பற்றியெரிந்து, அணைக்க இராணுவத்தை அழைக்க நேர்ந்தபோது, உலர்ந்த பீட்டும் ஹெதரும் எவ்வளவு விரைவில் தீப்பிடிக்கும் என்பதை நகரத்தார் நேரில் கண்டார்கள். எரிந்து வெறுமையான பீட்டை மூடி அரிப்பைத் தடுக்க, பிற இடங்களில் வெட்டிய ஹெதர்த் தழையையே அங்கே பரப்புகிறார்கள். அதிலுள்ள விதைகள் புதிய செடிகளுக்கு வித்தாகின்றன.

நெதர்லாந்தில் ஹெதருக்கு வந்த பகை நெருப்பன்று, காற்றில் வரும் உரம். கால்நடைப் பண்ணைகளின் அம்மோனியாவும் வாகனப் புகையின் நைட்ரஜன் சேர்மங்களும் மண்ணில் படிந்து, வறுமையில் வாழப் பழகிய செடிக்கு வறுமையை இல்லாமல் ஆக்குகின்றன. வளம் கூடியதும் புல் விரைந்து எழுகிறது. நைட்ரஜன் மிகுந்த தழையில் ஹெதர் வண்டும் நன்றாகப் பெருகுகிறது. அது பெருந்திரளாக இலைகளை அரித்துவிட்ட இடத்தில் வெளிச்சம் கிடைத்ததும் புல் முற்றாக இடம்பிடிக்கிறது. ஊதாவாக இருந்த சமவெளி சில ஆண்டுகளில் வைக்கோல் நிறமாகிவிடும். இத்தகைய வாழிடங்களைக் காக்கும் பொறுப்பைச் சுட்டியே அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 மே மாதத்தில் நைட்ரஜன் வெளியேற்றும் பணிகளுக்கு அனுமதி வழங்க அரசு வகுத்திருந்த திட்டத்தைச் செல்லாதென்றது. சாலை, கட்டுமானம், பண்ணை விரிவாக்கம் என ஏராளமான பணிகள் நின்றன.

பூமியின் மறுபக்கத்தில் இதே செடியும் இதே வண்டும் தலைகீழான பாத்திரங்களில் நிற்கின்றன. மாவோரி தலைவர் தே ஹியூஹியூ துகினோ 1887-இல் வழங்கிய புனித மலைகளை மையமாகக் கொண்டு அமைந்தது நியூசிலாந்தின் டோங்கரிரோ தேசியப் பூங்கா. ஸ்காட்லாந்தைப்போல் அங்கும் க்ரவுஸ் வேட்டை வேண்டும் என்று விரும்பிய அதன் காப்பாளர் ஜான் கல்லன் 1912 முதல் ஹெதர் விதைகளை ஊன்றச் செய்தார். பறவைகள் நிலைக்கவில்லை, ஹெதர் நிலைத்தது. அங்கே உரிய, கொத்துக்கொத்தாக வளரும் பூர்விகத் துசாக் புற்களையும் குறும்புதர்களையும் அது நெருக்கித் தள்ளியது. ஆய்ந்து தேர்ந்து 1996-இல் ஹெதர் வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மலையின் குளிரும் நைட்ரஜன் குறைந்த தழையும் தடுத்ததால் அது பல ஆண்டுகள் பெருகாமலே இருந்து, பிறகு திடீரெனப் பெருகிப் பெரும்பரப்பில் ஹெதரைத் தாக்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஹெதர் நிலங்களைக் காப்போர் அஞ்சும் அந்தப் பழுப்பு வண்டு, டோங்கரிரோவில் களை ஒழிப்புக்கு அனுப்பப்பட்ட கூட்டாளி. அங்கே வேலை செய்யும் காப்பாளர்களிடம் ஹெதர் என்றால் களை என்றே பொருள்.